வாடிக்கைக்காரியே முதலாளி!

உங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக மளிகைக் கடைகள் எத்தனை இருக்கும்? மூன்றா, நான்கா? அத்தனை இருந்தும், பெருங்காயம் தீர்ந்துவிட்டது என்றால் உங்கள் கால் தானாக ஒரே ஒரு கடையை நோக்கித்தான் நடக்கிறது. ஏன் என்று என்றைக்காவது யோசித்துப் பார்த்ததுண்டா?

"அவர் நிறுவையில் ஏமாற்ற மாட்டார்" என்பீர்கள். "துவரம்பருப்பில் கல் இராது" என்பார் பக்கத்து வீட்டு மாமி. "குழந்தையை அனுப்பினாலும் மீதிச் சில்லறை ஒழுங்காக வந்து சேரும்" என்பார் எதிர் வீட்டு அம்மாள். "மாசக் கடைசியில் போய் நின்றால் முகத்தைச் சுளிக்காமல் கணக்கில் எழுதிக்கொள்வார்" என்று இன்னொருவர் மெதுவாகச் சொல்வார்.

வியாபாரிகளுக்கு இந்த ரகசியம் தெரியும். ஒரு முறை வந்தவரை மறுமுறையும் வரவழைக்க அவர்கள் செய்யாத உபாயம் இல்லை. கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் கொசுறாக வருகின்றன. வருஷப் பிறப்புக்குக் காலண்டர் வருகிறது. ஜவுளிக் கடையில் நாற்காலி போட்டு, விசிறியைத் திருப்பி வைத்து, கலர் வாங்கிக் கொடுத்து உபசரிக்கிறார்கள். இந்தக் காலத்திலோ பிளாஸ்டிக் அட்டை கொடுத்து, வாங்க வாங்க 'பாயிண்டு' ஏறும் என்று கைப்பேசியில் செய்தி அனுப்புகிறார்கள். எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான்: வாடிக்கைக்காரியைக் கை நழுவ விடக்கூடாது!

இங்கிலாந்தில் சுமார் 180 வருஷங்களுக்கு முன்பு சில ஏழைகள் இந்த விஷயத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார்கள். "வாடிக்கைக்காரரைப் பிடிப்பது எப்படி என்று கடைக்காரன் மண்டையை உடைத்துக்கொள்கிறான். வாடிக்கைக்காரர்களாகிய நாமே கடைக்காரர்களாகிவிட்டால் என்ன?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த கடையின் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அதில் நம் சென்னைத் திருவல்லிக்கேணிக்கும் ஒரு பங்கு உண்டு.

தறி நின்ற ஊர்

மாஞ்செஸ்டர் நகருக்கு வடக்கே ராச்டேல் என்று ஓர் ஊர். ஃபிளானல் என்ற கம்பளித் துணிக்குப் பேர் போனது. வீட்டுக்கு வீடு கைத்தறி ஓடிக்கொண்டிருந்த அந்த ஊரில் நீராவியால் ஓடும் விசைத்தறிகள் வந்தன. கைத்தறிக்காரர்களின் கூலி சரிந்தது. நம் ஊர்க் கைத்தறி நெசவாளர்களின் கஷ்டத்தை அறிந்தவர்களுக்கு இதை விஸ்தாரமாகச் சொல்லத் தேவையில்லை. 1840-களை இங்கிலாந்து சரித்திரத்தில் 'பசி நாற்பதுகள்' என்றே குறிப்பிடுவார்கள். கூலியை உயர்த்தக் கேட்டு ராச்டேல் நெசவாளர்கள் போராடிப் பார்த்தார்கள், தோற்றார்கள்.

கூலி குறைந்தது ஒரு கஷ்டம் என்றால், அந்தக் கூலியைக் கொண்டு போய்ச் சாமான் வாங்குவது இன்னொரு கஷ்டம். சில ஆலை முதலாளிகள் தாங்களே கடையும் வைத்திருந்தார்கள். இடது கையால் கொடுத்த கூலியை வலது கையால் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். கூலியைப் பணமாகவே கொடுக்க வேண்டும் என்று 1831-ல் சட்டம் வந்தும் அந்த வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. மற்றக் கடைகளிலோ கடன். கடன் வாங்கியவள் கடையை மாற்ற முடியாது. "மாவு ஏன் இப்படி இருக்கிறது?" என்று வாய் திறக்கவும் முடியாது.

மாவு எப்படித்தான் இருந்தது? ரொட்டி வெள்ளை வெளேர் என்று இருப்பதற்காகப் படிகாரத்தைக் கலந்தார்கள். ஒரு முறை கொதிக்க வைத்து வீசிய தேயிலையை உலர்த்திச் சாயம் ஏற்றி மறுபடி விற்றார்கள். குழந்தைகள் தின்னும் மிட்டாய்க்குச் சிவப்பும் பச்சையும் கொடுக்க ஈயமும் செம்பும் கலந்த சாயங்கள் பயன்பட்டன. 1850-களின் தொடக்கத்தில் ஆர்தர் ஹில் ஹாஸல் என்ற டாக்டர், லண்டன் கடைச் சாமான்களைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பரிசோதித்து, முடிவுகளை 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டபோதுதான் நாடு திடுக்கிட்டது. 1858-ல் பிராட்ஃபோர்டு நகரில், மிட்டாயில் சர்க்கரைக்குப் பதில் கலக்கும் மலிவான வெள்ளைப் பொடி என்று நினைத்துப் பாஷாணத்தைக் கலந்துவிட்டார்கள். சுமார் 20 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள்.

ஆகவே, கலப்படம் இல்லாத மாவு, சரியான நிறுவை என்பவை அந்தக் காலத்து ஏழைத் தாய்க்குச் சாதாரண விஷயங்கள் அல்ல. குழந்தையின் உயிரே அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

நீண்ட இரவில் ஒரு கடைத் திறப்பு

இந்த நிலையில்தான் 28 பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். தலைக்கு ஒரு பவுன் முதல் என்று தீர்மானம். ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். இவர்களோ வாரத்துக்கு 2 பென்ஸ், பிறகு 3 பென்ஸ் என்று உண்டியல் காசு போலச் சேர்த்தவர்கள்! எப்படியோ 28 பவுன் சேர்ந்தது. டோட் லேன் என்ற தெருவில் பழைய கிடங்கு ஒன்றின் கீழ்க்கட்டை வருஷத்துக்குப் பத்துப் பவுன் வாடகைக்குப் பிடித்தார்கள். 'டோட்' என்றால் தேரை. தேரைத் தெருவில் தொடங்கிய கடை உலகம் முழுவதும் தாவப் போகிறது என்று அன்றைக்கு யார் கண்டார்கள்?

1844-ம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி, வருஷத்திலேயே மிக நீண்ட இரவு. அன்று மாலை கடையைத் திறந்தார்கள். உள்ளே இருந்த சரக்கைக் கேளுங்கள்: 28 ராத்தல் வெண்ணெய், 56 ராத்தல் சர்க்கரை, ஆறு ஹண்டர்வெயிட், அதாவது சுமார் 300 கிலோ, கோதுமை மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவத்தி. தீர்ந்தது! நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கும் சாமானில் கால்வாசி கூட இராது. தெருவில் ஆலைப் பையன்கள் கூடி நின்று கேலி செய்தார்கள். ஊரில் ஒரு மளிகைக்காரர், "நான் ஒரு தள்ளு வண்டியோடு போனால் கடை முழுவதையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன்" என்று பரிகசித்தாராம்.

முதலில் வாரத்தில் இரண்டு நாள், அதுவும் மாலையில் மட்டுமே, கடை திறந்தது. மறு வருஷம் தேயிலையும் புகையிலையும் சேர்ந்தன. 1845 முடிவில் அங்கத்தினர் 74 பேர். வருஷ வியாபாரம் 710 பவுன். லாபம் 22 பவுன். 1860-ல் பார்த்தால் அங்கத்தினர் 3,450. வியாபாரம் 1,52,000 பவுனுக்கு மேல்! தள்ளு வண்டிக்காரர் அப்போது என்ன சொன்னாரோ!

என்ன மந்திரம் போட்டார்கள்?

கூட்டாகக் கடை வைக்கும் யோசனை அவர்களுக்குத்தான் முதலில் தோன்றியது என்று எண்ணிவிடாதீர்கள். அதே டோட் லேனில் 1833-ல் இதே போல ஒரு கூட்டுக் கடை திறந்து, இரண்டே வருஷத்தில் மூடிவிட்டார்கள். காரணம் கடன். உறவுக்காரன், சிநேகிதன், அடுத்த தறிக்காரன் என்று எல்லோருக்கும் கடன் கொடுத்தார்கள். பணம் திரும்பவில்லை. "நம் கடைதானே!" என்ற உரிமையே கடையைத் தின்றுவிட்டது.

அந்தப் பாடத்தை 28 பேரும் மறக்கவில்லை. "கையில் காசு, பையில் சாமான்" என்று கண்டிப்பாக இருந்தார்கள். கடன் கொடுக்காத கடைக்கு யார் வருவார்கள் என்று நமக்குத் தோன்றும். கடன் கணக்கில்லாத பெண் கடைக்காரரிடம் நிமிர்ந்து நின்று பேசலாம் அல்லவா? "இந்த வெண்ணெய் வேண்டாம், வேறு எடு" என்று சொல்லலாம். அந்த நிமிர்வு அவர்களுக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது, சரக்கில் கலப்படம் கிடையாது. நிறுவையில் குறைவு கிடையாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. படிகாரம் கலந்த ரொட்டியின் வெண்மையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சுத்தமான மாவின் ரொட்டி மங்கலாகத்தான் தெரியும். தவிடு நீக்காத அரிசியைப் பார்த்து நம் வீட்டுக் குழந்தைகள் முகம் சுளிப்பதில்லையா, அப்படித்தான். நல்ல சரக்கை விற்றால் மட்டும் போதாது. அது ஏன் நல்லது என்பதையும் வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டும். ராச்டேல்காரர்கள் அந்தப் பொறுமையையும் காட்டினார்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது: லாபத்தைப் பங்கு போட்ட விதம். சாதாரணமாகக் கூட்டு வியாபாரத்தில் முதல் போட்டவருக்குத்தானே லாபம்? அதிக முதல் போட்டவருக்கு அதிக லாபம். ராச்டேலில் முதலுக்கு அளவான வட்டி ஒன்றுதான். மீதி லாபம் முழுவதும், யார் எவ்வளவு சாமான் வாங்கினார்களோ அந்த விகிதத்தில் அவர்களுக்கே திரும்பியது.

கணக்காகவே பார்க்கலாம். பவுனுக்கு இரண்டு ஷில்லிங் பங்கு என்று ஒரு காலாண்டில் தீர்மானிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாதத்தில் ஐந்து பவுனுக்குச் சாமான் வாங்கிய பெண்ணுக்குப் பத்து ஷில்லிங் வரும். அவள் அதைக் கையில் வாங்கிக்கொள்ளலாம். அல்லது கடையிலேயே தன் பேரில் முதலாக விட்டு வைக்கலாம். விட்டு வைத்தால் அது வட்டி போட்டு வளரும். சீட்டுக் கட்ட வழியில்லாத ஏழைக்கு, சாப்பிடச் சாப்பிடச் சேமிப்பு ஏறியது!

கடைகள் பெருகிய பிறகு ஒவ்வோர் அங்கத்தினருக்கும் ஓர் எண் உண்டு. சாமான் வாங்கும்போது அந்த எண்ணைச் சொன்னால் கணக்கில் பதிவாகும். 'டிவ்வி' என்று செல்லமாக அழைத்த இந்தப் பங்குப் பணம் வரும் நாளைக் குடும்பங்கள் எதிர்பார்த்துக் காத்திருந்தன. குழந்தைகளின் செருப்பும் குளிர்காலக் கோட்டும் அதிலேதான் வரும். கடைக்கு ஓடிய குழந்தைகள் தாயாரின் எண்ணை வாய்ப்பாடு போல ஒப்பித்தார்கள். கிழவர்களான பின்பும் பலருக்கு அந்த எண் மறக்கவில்லை.

நான்காவது, ஆளுக்கு ஒரே வோட்டு. நூறு பவுன் போட்டவருக்கும் ஒரு வோட்டு. ஒரு பவுன் போட்டவருக்கும் ஒரு வோட்டு. ஆணுக்கும் ஒன்று, பெண்ணுக்கும் ஒன்று. பிரிட்டனில் பெண்களுக்குப் பார்லிமெண்டு வோட்டு 1918-ல்தான், அதுவும் முப்பது வயதுக்கு மேற்பட்ட சிலருக்குத்தான், கிடைத்தது. ஆண்களுக்குச் சமமாகக் கிடைத்தது 1928-ல். மளிகைக் கடை பார்லிமெண்டை எத்தனை வருஷம் முந்திக்கொண்டது, பார்த்தீர்களா?

மனைவியின் கணக்கு

பெண் வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம் இது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கல்யாணமான பெண்ணுக்குச் சொந்தப் பணம் என்று சட்டப்படி ஒன்றும் கிடையாது. அவள் ஆலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் அது கணவனுடையதுதான். அவள் சம்பாத்தியம் அவளுக்கே என்று 1870-லும், அவள் சொத்து அவளுக்கே என்று 1882-லும்தான் சட்டங்கள் வந்தன.

ராச்டேல் கடை மட்டும் பெண்களைத் தங்கள் பேரிலேயே அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது. ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் என்ற பத்திரிகையாளர் 1850-களில் இந்தச் சங்கத்தின் வரலாற்றை எழுதினார். கணவன்மார் அக்கறை காட்டாததால் சில பெண்கள் தாங்களே சேர்ந்தார்கள் என்றும், குடும்பப் பணம் சாராயக் கடைக்குப் போய்விடாமல் காப்பாற்றுவதற்கே சிலர் சேர்ந்தார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். மனைவி பேரில் இருந்த பணத்தை அவள் கையெழுத்து இல்லாமல் கணவன் வாங்க முடியாது என்பது கடையின் ஏற்பாடு.

நினைத்துப் பாருங்கள். தன் பேரில் ஒரு கணக்கு. தான் கையெழுத்திட்டால்தான் நகரும் பணம். அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் ஒளித்து வைத்த காசின் அருமை தெரிந்தவர்களுக்கு இது எத்தனை பெரிய பாதுகாப்பு என்று புரியும். ஒரு பெண்ணுக்கு இந்தப் பாதுகாப்பைக் கொடுத்த கடையை விட்டு அடுத்த கடைக்கு அவள் போவாளா? அரைப் பென்ஸ் விலை குறைவு என்று கூப்பிட்டாலும் போக மாட்டாள்.

1849-ல் ராச்டேல் சேமிப்பு வங்கி முறிந்தது. ஏழைகளின் சேமிப்பு பாழாயிற்று. அந்தச் சமயத்தில் ஜனங்கள் எங்கே ஓடினார்கள் தெரியுமா? டோட் லேனுக்கு! அதற்கு முந்தின வருஷம் 140 பேராக இருந்த அங்கத்தினர்கள் 390 பேர் ஆனார்கள். நல்ல மாவு விற்ற கை பணத்தையும் நன்றாகவே காக்கும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நம்பிக்கை என்பது இப்படித்தான் ராத்தல் ராத்தலாகச் சேர்கிறது.

கடை மாடியில் வாசகசாலையும் புத்தகசாலையும் வந்தன. லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் படிப்புக்கென்று ஒதுக்கினார்கள். சர்க்கரை வாங்க வந்தவர்கள் மாடியேறிப் பத்திரிகை படித்துவிட்டுப் போனார்கள். கடை, ஊரார் கூடும் இடமாகியது.

பத்திரிகைப் பக்கத்தில் பிறந்த சங்கம்

எல்லாம் சரி, ஆனாலும் ஒரு குறை இருந்தது. பெண்கள்தான் வாங்குகிறார்கள், கமிட்டியில் உட்கார்ந்து பேசுவது ஆண்களாகவே இருந்தார்கள். ஊருக்கு ஊர் இந்த மாதிரிக் கடைகள் பெருகி, 1863-ல் அவற்றுக்கெல்லாம் மொத்தக் கொள்முதல் செய்யும் பெரிய சங்கமும் வந்த பிறகு, இந்தக் குறை பளிச்சென்று தெரிந்தது.

1883-ல் கூட்டுறவு இயக்கத்தின் வாரப் பத்திரிகையில் பெண்களுக்கென்று ஒரு பகுதி தொடங்கியது. அதை எழுதியவர் ஆலிஸ் ஆக்லண்டு. ஆண்களை மட்டும் வா, பேசு, வோட்டுப் போடு என்று அழைக்கிறார்களே, பெண்களிடம் மட்டும் வாங்கு என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்களே என்று அவர் சுருக்கென்று கேட்டார். கடிதங்கள் வந்தன. அந்தக் கடிதங்களிலிருந்து அதே வருஷம் ஒரு பெண்கள் சங்கம் பிறந்தது. ஆக்லண்டு அம்மையாரும் மேரி லாரென்சன் அம்மையாரும் அதைத் தொடங்கி வைத்தார்கள். ஒரு வாரப் பத்திரிகையின் பெண்கள் பகுதிக்கு அத்தனை சக்தி உண்டா என்று இனி யாரும் கேட்க வேண்டாம்!

1889 முதல் 1921 வரை அந்தச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் மார்கரெட் லூவெலின் டேவிஸ். கூடை தூக்கும் கைக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். 1911-ல் பிரிட்டிஷ் இன்ஷூரன்ஸ் சட்டத்தில் பிரசவ உதவித் தொகை சேர்ந்ததிலும், அந்தப் பணம் தகப்பன் கைக்குப் போகாமல் தாயாருக்கே உரியது என்று 1913-ல் சட்டம் திருத்தப்பட்டதிலும் இந்தச் சங்கத்துப் பெண்களின் விடாமுயற்சி இருந்தது. 1915-ல் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் தங்கள் பிரசவ கால அவஸ்தைகளைப் பற்றி எழுதிய கடிதங்களைத் தொகுத்துப் புத்தகமாகவே வெளியிட்டார்கள். வெண்ணெய் வாங்கப் போன இடத்தில் பேசக் கற்றுக்கொண்ட பெண்கள், அரசாங்கத்தைப் பேச வைத்தார்கள்.

தேயிலையின் மறுபக்கம்

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சுத்தமான தேயிலை வேண்டும் என்று இந்த மொத்தக் கொள்முதல் சங்கங்கள் 1902-ல் இலங்கையில் தேயிலைத் தோட்டங்களையே விலைக்கு வாங்கின. பிறகு தென்னிந்தியாவிலும் வாங்கின. இலங்கை மலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போன நம் தமிழ்ப் பெண்கள். அந்தத் தேயிலையை வாங்கிய லங்காஷயர் பெண்ணுக்குப் பங்கு உண்டு, வோட்டு உண்டு. அதைக் கிள்ளியவளுக்கு அந்த வட்டத்தில் இடமில்லை. வாங்குகிறவர்களின் குடும்பம் என்று ஒன்றை அமைக்கும்போது, விளைவிக்கிறவர்கள் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். நல்ல இயக்கங்களுக்கும் இந்த மாதிரி ஒரு கண் மறைவு இருப்பதுண்டு.

திருவல்லிக்கேணியில் ஒரு கிளை

ராச்டேலின் விதை கடல் தாண்டி நம் ஊருக்கும் வந்தது. 1904-ல் இந்தியாவில் முதல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அது கடன் கொடுக்கும் சங்கங்களுக்காக ஏற்பட்ட சட்டம். கடை வைக்கும் சங்கங்களுக்கு இடம் கொடுத்த சட்டம் 1912-ல்தான் வந்தது. அதற்கெல்லாம் காத்திராமல் 1904-லேயே திருவல்லிக்கேணியில் படித்த நடுத்தரக் குடும்பத்தினர் சிலர் சேர்ந்து, ராச்டேலைப் பின்பற்றி ஒரு கடை தொடங்கிவிட்டார்கள். அதற்குத் துணை நின்றவர்களில் ஒருவர், அப்போது அங்கே ஹிந்து ஹைஸ்கூல் தலைமை ஆசிரியராக இருந்த வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியார். பின்னால் ஆங்கிலப் பேச்சில் உலகப் புகழ் பெற்ற அதே சாஸ்திரியார்தான். அரிசி, பருப்பு, புளி விவகாரத்தையும் அவர் அலட்சியமாக நினைக்கவில்லை!

டி.யு.சி.எஸ். என்று சென்னைவாசிகள் அறிந்த திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் அதுதான். நூறு வருஷத்தைத் தாண்டி நிற்கிறது. ரேஷன் கடைகளையும் அது நடத்துகிறது. வரிசையில் நிற்கும்போது, அந்தப் பலகையிலுள்ள நான்கு எழுத்துகளுக்குப் பின்னால் ராச்டேல் நெசவாளர்கள் நிற்கிறார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகம் வருகிறது?

பிறகு என்ன ஆயிற்று?

"இவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால் உலகத்தில் எல்லாக் கடையும் இப்படி ஆகியிருக்க வேண்டுமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு பிரிட்டனில் பெரிய பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் வந்தன. மூன்று மாதம் கழித்து வரப் போகும் பங்கை விட, இன்றைக்கே விலை குறைவு என்ற அறிவிப்பு கண்ணைக் கவர்ந்தது. கூட்டுறவுக் கடைகளின் பங்குத் தொகை தேய்ந்தது. 1960-களின் கடைசியில் பல சங்கங்கள் எண் சொல்லும் வழக்கத்தை விட்டு, ஒட்டுகிற ஸ்டாம்புகளைக் கொடுக்கத் தொடங்கின. அங்கத்தினர் பட்டியல் நீளமாக இருந்தது. கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்கிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். 2013-ல் அங்கே கூட்டுறவு வங்கியின் முதலில் 150 கோடி பவுன் பள்ளம் இருப்பது வெளியாயிற்று. அதன் உரிமை பெரும்பாலும் வெளி முதலீட்டாளர் கைக்குப் போயிற்று. சொந்தக்காரர்கள் தூங்கிவிட்டால் சொந்தக் கடையும் அந்நியமாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 130 வருஷங்களுக்கு மேல் நடந்த பெண்கள் சங்கமும் 2016-ல் கலைந்தது.

ஆனாலும் விதை அழியவில்லை. டோட் லேன் கடை இன்று பொருட்காட்சி சாலையாக இருக்கிறது. அங்கே வகுத்த விதிகளைத்தான், காலத்துக்கேற்பச் சில மாறுதல்களுடன், உலகம் முழுவதும் உள்ள கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் கொள்கைகளாக வைத்திருக்கின்றன.

அட்டையும் பங்கும்

1995-ல் டெஸ்கோ என்ற பிரிட்டிஷ் சூப்பர் மார்க்கெட் தன் வாடிக்கைக்காரர்களுக்கு ஓர் அட்டை கொடுத்தது. வாங்க வாங்கப் புள்ளிகள் ஏறும். அவற்றைக் கொண்டு சாமான் வாங்கலாம். பார்த்த மாத்திரத்தில் ராச்டேலின் 'டிவ்வி' மறுபிறவி எடுத்தது போலத் தோன்றும். இன்று நம் ஊரிலும் இந்த அட்டைகளுக்குக் குறைவில்லை. தவறு என்று சொல்ல வரவில்லை. கிடைக்கிற தள்ளுபடியை விடுவானேன்?

ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அட்டைக் கடையில் நீங்கள் என்ன வாங்குகிறீர்கள், எப்போது வாங்குகிறீர்கள் என்பது கடைக்காரருக்குத் தெரியும். கடைக்காரர் என்ன லாபம் வைக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. ராச்டேலிலோ கணக்குப் புத்தகத்தை அங்கத்தினர்கள் முன் வைத்துவிடுவார்கள். அட்டைக் கடையில் கிடைப்பது சலுகை. கொடுத்தவர் நினைத்தால் நாளைக்கே நிறுத்திவிடலாம். ராச்டேலில் கிடைத்தது உரிமை. நிறுத்த வேண்டுமானால் உங்கள் வோட்டும் வேண்டும்.

வீட்டிலிருந்தபடி அப்பளம், வடகம், ஊறுகாய் போட்டு விற்கும் பெண்மணிகளும், தையல் மிஷினை நம்பி வாழும் சகோதரிகளும் நம் வாசகர்களில் பலர் இருப்பார்கள். நீங்களும் உங்கள் வாடிக்கைக்காரர்களை நினைத்துத்தானே தினமும் அடுப்பை மூட்டுகிறீர்கள்? ஒரு ஊறுகாய்ப் பாட்டில் கெட்டுப் போய்த் திரும்பி வந்தால் தர்க்கம் செய்யாமல் மாற்றிக் கொடுங்கள். விலை ஏறினால் எண்ணெய் விலை எவ்வளவு ஏறிற்று என்பதைச் சொல்லி ஏற்றுங்கள். "காரம் கொஞ்சம் தூக்கல்" என்று ஒருவர் சொன்னால், அடுத்த தடவை குறைத்து, "நீங்கள் சொன்னதற்காகத்தான் குறைத்தேன்" என்று அவரிடமே சொல்லிப் பாருங்கள். அவர் அதன் பிறகு உங்கள் ஊறுகாயைத் தம்முடைய ஊறுகாய் என்று நாலு வீட்டில் போய்ச் சொல்வார். உறவுக்காரர் என்று கணக்கில்லாமல் கடன் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 1833-ல் திறந்த கடையை நினைத்துக்கொள்ளுங்கள்!

விற்கிறவர்கள் இப்படி என்றால், வாங்குகிறவர்களாகிய நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் குடியிருப்பில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து அரிசியை மூட்டையாக வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டால் கூட, அது ஒரு சின்ன ராச்டேல்தான். உங்களில் யாராவது கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினராக இருந்தால், அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு வரும்போது அதைப் பால் கணக்கு எழுத எடுத்து வைத்துவிடாதீர்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கிப் போய் உட்காருங்கள். வரவு செலவுக் கணக்கில் புரியாத இடத்தை எழுந்து நின்று கேளுங்கள். வீட்டுக் கணக்கை ஒரு பைசா பிசகாமல் போடத் தெரிந்த உங்களுக்கு, கடைக் கணக்கைக் கேட்கத் தெரியாதா என்ன?